கூப்பிடாமல் போன சனிக்கிழமைகள்

என் ஸ்டூலில் உட்காரப்போகும் தம்பிமார்களே, முதலில் ஸ்டூலைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் ஒரு கால் குட்டை. யாரோ கட்டாமல் விட்ட வீட்டின் பிளானை மடித்து அதற்கு அடியில் வைத்திருக்கிறேன். சுத்தம் செய்கிறேன் என்று அதை உருவிவிடாதீர்கள். உருவினால் இங்க் புட்டியில் முகம் கழுவுவீர்கள்.

நான் ஓய்வு பெறுகிறேன். சிரிக்க வேண்டாம். மீசை கறுப்பாக இருக்கும்போது ஓய்வு பெறக்கூடாது என்று சட்டம் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். அதன்பிறகு செங்கல்பட்டில் இந்த மாடி அறையில் பிளான்களுக்கு டிரேசிங் போட்டே காலம் போனது. இப்போது துபாய்க்கு ஆள் எடுக்கிறார்கள். அங்கே மணல் நிறைய இருக்கிறதாம், வீடுதான் இல்லையாம்.

டீ ஸ்கொயரை எப்படிப் பிடிப்பது, தப்பான கோட்டைப் பிளேடால் எப்படிச் சுரண்டுவது என்பதையெல்லாம் சார் சொல்லித் தருவார். காதைத் திருகிச் சொல்லித் தருவார், அதனால் மறக்காது. அவர் சொல்லித் தராத ஒன்றைத்தான் நான் சொல்லப்போகிறேன். வீட்டுக்காரர் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் நின்றால் நாம் என்ன செய்வது? எனக்கும் இது முழுசாகப் பிடிபடவில்லை. பிடிபட்டவர்களிடம் கேட்கலாம் என்றால், அப்படி யாரையும் நான் இந்தத் தொழிலில் பார்க்கவில்லை.

நம் சார் ஆர்க்கிடெக்ட். அந்தச் சொல் இந்த ஊர் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அவர் பிளான் போடுகிற இன்ஜினியர். அவரைத் தேடி ஒருநாள் ரயில்வே கார்டு ஒருவர் வந்தார். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து, பேசுவதையே செலவு என்று நினைக்கும் ஆள். கூட வந்த அவர் மனைவி கன்னியம்மா அவருக்கும் சேர்த்துப் பேசினார். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பம் அவருடைய பிறந்த ஊர். அண்ணன்மார்கள் அங்கே ஒரு மனை பார்த்துக் கொடுத்திருந்தார்கள். கார்டு சீக்கிரம் ரிட்டையர் ஆகப்போகிறார், ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், போய் இறங்க ஒரு வீடு வேண்டும். கன்னியம்மாவுக்கு அதில் ஒரே ஒரு நிபந்தனை: ஹால் அகலமாக இருக்க வேண்டும், நடுவில் தூண் வரக்கூடாது. அண்ணன்மார் குடும்பம் மொத்தமும் வந்து படுத்தாலும் யார் காலும் யார் தலையிலும் படக்கூடாதாம்.

பேச்சு முடிந்தது. வீட்டுக்குப் பிளான், கூரைக்குள் எந்தக் கம்பி எங்கே என்று காட்டும் கம்பி பிளான், இரண்டுக்கும் சேர்த்து ஒரு தொகை. கார்டு அதை அங்கேயே எண்ணிக் கொடுத்துவிட்டார். கிளம்பும்போது சார் வழக்கம்போல ஒன்று சொன்னார்: "அப்பப்ப வந்து வேலையப் பாத்துக்கறேன்." கார்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படி இறங்கினார். சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மொத்தக் கலகமும் அந்தக் கண்ணாடி துடைத்த நேரத்தில்தான் பிறந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சாரும் நானும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தோம். இறங்கி சவுக்குத் தோப்புக்குள் நடந்தால் மனை. மத்தியானம் கன்னியம்மா தன் அண்ணன் வீட்டிலிருந்து சோறும் மீன் குழம்பும் கொண்டுவருவார். சாருக்கு மீன் என்றால் உயிர், முள் என்றால் பயம். முதல் வாரம் ஒரு முள் மாட்டி அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து கன்னியம்மாவே முள் எடுத்துப் போட ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய மனிதரான சார் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முள் எடுத்த துண்டுக்காகக் காத்திருப்பார். நான் அதைப் பார்த்துச் சிரித்ததற்கு எனக்கு மீனின் தலைத் துண்டு மட்டும்தான் கிடைத்தது.

ஆனால் சார் சாப்பிட மட்டும் போகவில்லை. ஒரு சனிக்கிழமை கலவை போடும் இடத்தில் குனிந்து கொஞ்சம் மணலை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் மாறிவிட்டது. மேஸ்திரி லாரிச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்துக் கடற்கரை மணலையே அள்ளிப் போட்டிருந்தார். உப்பு மணலில் எழுப்பின சுவர் நிற்காது என்று சொல்லி, இடுப்பு உயரம் வந்திருந்த ஒரு சுவரை சார் அங்கேயே இடிக்க வைத்தார். பாலாற்று மணல் வந்த பிறகுதான் கல் வைக்க விட்டார். கார்டு பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதை மரியாதை என்று நினைத்தேன். சார் சம்மதம் என்று நினைத்தார். கார்டு என்ன நினைத்தார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

சுவர்கள் மேலே வந்ததும் சார் ஒரு பில் அனுப்பினார். மேற்பார்வைக்கு என்று போட்டு.

மறுநாள் கார்டு டியூட்டி உடையோடு மாடி ஏறி வந்தார்.

"சார், இது இன்னா சார்? மேற்பார்வைன்னு போட்டுகீது."

"சனிக்கிழமை சனிக்கிழமை வந்தேனே, அதுக்குத்தான்."

"நான் கூப்டேனா?"

"வந்து பாத்துக்கறேன்னு மொத நாளே சொன்னேன். நீங்க வேண்டாம்னு சொல்லலையே."

"வேணும்னும் சொல்லலியே சார்."

சார் பேனாவை மூடி வைத்தார். இந்தத் தொழிலில் வீட்டுக்காரர் தடுக்காவிட்டால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வோம், இத்தனை வருஷமாக அப்படித்தான் வேலை செய்கிறேன் என்றார். கார்டு தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு, அத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சை ஒரேயடியாகச் செலவழித்தார்.

"எங்க லைன்ல சிக்னல் வெளக்கு அணைஞ்சி கெடந்தா, செவப்பு எரியலியேன்னு டிரைவர் வண்டிய வுட மாட்டான் சார். நிறுத்திடுவான். நிறுத்திட்டு கேப்பான். பதில் வந்தாதான் போவான். நீங்க அணைஞ்ச வெளக்கப் பாத்துட்டு வாரா வாரம் வண்டி வுட்டுகினு கீறீங்க."

எனக்குத் தலை சுற்றியது. கார்டு பேசும்போது கார்டு சொல்வது சரி. சார் பேசும்போது சார் சொல்வது சரி. இரண்டு பேரும் பேசாமல் இருந்தபோது நான் டிரேசிங் தாளைப் பார்த்தேன். அதில் பதில் எதுவும் வரைந்திருக்கவில்லை.

கார்டு இறங்கிப்போன பிறகு சார் சொன்னார், கூரையின் கம்பி பிளான் நம்மிடம்தானே இருக்கிறது, இந்தப் பில்லைத் தீர்க்காமல் அது இந்த அறையை விட்டுப் போகாது என்று. சார் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அந்தச் சனிக்கிழமைகளில் வேறு வேலைகளை விட்டுவிட்டுத்தான் போனார், பஸ்ஸுக்கும் தன் காசைத்தான் கொடுத்தார். அதைவிட, மீன் குழம்புக்காக அலைந்த ஆள் என்று தன்னை நினைத்துவிட்டார்களோ என்ற எண்ணம் அவரைச் சுட்டது. அப்படி யாரும் சொல்லவில்லை. நான் மட்டும் பஸ்ஸில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசி நெருங்கியது. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு நின்றது. குப்பத்தில் ஹாலுக்கு மேல் சென்ட்ரிங் பலகை அடித்து, சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்து, கம்பியும் வந்து இறங்கிவிட்டது. மழை பிடித்தால் பலகை ஊறி உப்பிவிடும், கம்பி துருப்பிடிக்கும், மொத்தமும் திரும்பச் செய்ய வேண்டும். கார்டுக்கோ மாதக் கடைசியில் ரிட்டையர்மெண்ட். குவார்ட்டர்ஸுக்கு அடுத்த கார்டு குடும்பத்தோடு வரப்போகிறார். கூரை இல்லாத வீட்டுக்குச் சாமான்களோடு போய் இறங்க வேண்டிய நிலை.

சார் கம்பி பிளானைச் சுருட்டிக் குழாயில் போட்டு என் கையில் கொடுத்தார். பணத்தை வாங்கிக்கொண்டு கொடு, வாங்காமல் கொடுக்காதே என்றார். "நீங்க வரலையா சார்?" என்று கேட்டேன். என்னைக் கூப்பிட்டார்களா என்று திருப்பிக் கேட்டார். காதைத் திருகவில்லை. அதிலிருந்தே அவர் மனசு சரியில்லை என்று புரிந்தது.

போய்ச் சேர்ந்தபோது கார்டு மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி அவரிடம், பிளான் எதற்கு, நாலு வீட்டுக்குக் கட்டின மாதிரி இதற்கும் கம்பி கட்டிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி கெட்டிக்காரர்தான். ஆனால் அந்த நாலு வீட்டிலும் தூண் உண்டு. இங்கே அகல ஹால், நடுவில் ஒன்றும் இல்லை. கார்டு வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. மேஸ்திரி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஆட்களைப் பலகை மேல் ஏறச் சொல்லிவிட்டார்.

என் கையில் குழாய். உள்ளே அந்தக் கூரைக்கான கணக்கு. நான் பணத்தைப் பற்றி ஆரம்பித்தேன். கார்டு சிக்னல் கதையை ஆரம்பித்தார். குழம்புச் சட்டியோடு வந்த கன்னியம்மா இரண்டையும் கேட்டுவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தார்.

"யோவ், அந்தச் செவுர இடிச்சாங்களே, அப்ப நீ எங்க இருந்த?"

"அங்கதான் நின்னுகினு இருந்தேன்."

"வேணாம்னு சொன்னியா?"

"நல்லதுக்குத்தான சொன்னாரு."

"அப்போ வண்டி ஓங் கண்ணு எதிர்லயே போயிருக்குது. நீ செவப்புக் கொடிய கக்கத்துல வெச்சிகினு வேடிக்க பாத்துட்டு, இப்போ வந்து வெளக்கு அணைஞ்சிருந்திச்சின்ற."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வந்த வேலை முடிந்தது என்று. உடனே அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா பல்ல இளிக்கிற? கூலிக்கு வராருன்னா ஓங்க சாரு கூலின்னு சொல்லணும். சொந்தக்காரரு மாரி குந்திகினு முள்ளு எடுத்துப் போடச் சொல்லிட்டு, அப்பால பில்லு அனுப்பறதா? நான் யாருக்குடா கொழம்பு ஊத்தினேன், விருந்தாளிக்கா வேலக்காரருக்கா?"

 மேலே கம்பி உருளும் சத்தம் கேட்டது. கடலிலிருந்து ஈரக்காற்று வீசியது. சார் சொன்னபடி செய்தால் குழாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். மேஸ்திரி குத்துமதிப்பாகக் கட்டுவார். அந்தக் கூரைக்குக் கீழே கன்னியம்மாவின் அண்ணன்மார் பிள்ளைகள் வரிசையாகப் படுப்பார்கள்.

தம்பிகளா, இங்கேதான் கொஞ்சம் கவனியுங்கள். எனக்கு அன்றைக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. சண்டை சனிக்கிழமைகளைப் பற்றியது. குழாய்க்குள் இருப்பது சனிக்கிழமை இல்லை. அது முதல் நாளே பேசி, முதல் நாளே காசு கொடுத்து வாங்கின பொருள். கேட்காத வேலைக்குக் கூலி வரவில்லை என்பதற்காக, கேட்டு வாங்கின வேலையைப் பிடித்து வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? நான் குழாயைத் திறந்து பிளானை எடுத்துக் கார்டின் மடியில் வைத்தேன்.

"ஐயா, இது ஒங்களுது. இதுக்கு நான் டப்பு கேக்க மாட்டேன். ஆனா ஒண்ணு கேப்பேன். கம்பி கட்டினப்புறம், கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி சாரு வந்து பாக்கணுமா வேணாமா? வந்தா அது வேல. கூலி உண்டு."

கார்டு பிளானைப் பார்த்தார். மேலே பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வேண்டும் என்றால் தோற்ற மாதிரி. வேண்டாம் என்றால் அந்த அகலக் கூரை யாரும் பார்க்காமல் தலைக்கு மேலே வந்து உட்காரும். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெளக்கு அணைஞ்சி கீதுங்க ஐயா," என்றேன். "ஒங்க ரூலுபடி வண்டிய இங்கியே நிறுத்திட்டேன்."

சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டேன். கன்னியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மேலே மேஸ்திரிகூட வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மணலின் ஈரம் துணியில் ஏறியது, எழுந்திருக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் கார்டு கண்ணாடியை மாட்டினார்.

"வரச் சொல்லு தம்பி. கூலிக்கின்னே வரச் சொல்லு."

இறங்கி வந்த மேஸ்திரியிடம் பிளானை நீட்டினார். மேஸ்திரி விரித்துப் பார்த்துவிட்டு, ஏற்கனவே பரப்பியிருந்த கம்பியில் பாதியை எடுத்து, திரும்ப நெருக்கிப் பரப்பச் சொன்னார். நெருக்கம் போதாதாம். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

வெறுங்கையோடு வந்து நடந்ததைச் சொன்னபோது சார் என் காதைத் திருகினார். நல்ல அறிகுறி. கான்கிரீட் நாளில் அவர் கையில் ஒரு தூக்கு இருந்தது, தயிர்சாதம். கூலிக்கு வந்திருக்கிறேன் என்று காட்டுவதற்காம். ஒவ்வொரு கம்பியாகப் பார்த்தார், இரண்டு இடத்தில் அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னார். மத்தியானம் கன்னியம்மா அந்தத் தூக்கைத் திறந்து பார்த்தார், மூடினார், என்னிடம் தந்துவிட்டு சாருக்கு முன் இலையைப் போட்டார். அன்றைக்குக் கூலி தனியாக வந்தது, மீனும் தனியாக வந்தது. தயிர்சாதம் என் வயிற்றுக்குள் போனது. இந்த விவகாரத்தில் நஷ்டப்பட்டவன் நான் மட்டும்தான்.

கூரை போட்ட மறுநாள் ராத்திரி மழை பிடித்தது. கான்கிரீட் இறுகுவதற்காக நாங்கள் ஊற்ற வேண்டிய தண்ணீரை வானமே ஊற்றியது. கார்டு ரிட்டையர் ஆகி, முட்டுக் கழிகளைப் பிரிக்கும் முன்பே குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார். ஹால் முழுக்க சவுக்குக் கழிகள், அவற்றில் துணி காய்ந்தது, அவற்றுக்கு நடுவே பாய். தூணே வேண்டாம் என்ற கன்னியம்மா ஒரு காட்டுக்குள் குடியிருந்தார்.

முட்டுப் பிரிக்கும் நாளில் போனோம். வேலிப் படலுக்கு வெளியே சார் நின்றுவிட்டார்.

"வாங்க சார். இன்னிக்கு நான்தான் கூப்டேன்," என்றார் கார்டு.

"எதுக்குக் கூப்பிட்டீங்க? பாக்கவா, சாப்பிடவா?"

"ரெண்டுக்குந்தான்."

"ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க," என்றார் சார். சொன்ன பிறகுதான் உள்ளே கால் வைத்தார்.

கழிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூரை அப்படியே நின்றது. கார்டு ஹாலின் நடுவில், தூண் இல்லாத இடத்தில், ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பழைய சனிக்கிழமைகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. சார் பில்லை மறுபடி அனுப்பவில்லை, கார்டும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் போன மாதம் டீ குடிக்கும்போது சார் என்னிடம் மெல்லச் சொன்னார், மேற்பார்வைக்குப் பாதி கேட்டிருந்தால் போதும், முழுசாகக் கேட்டிருக்கக் கூடாது என்று. அதற்கடுத்த வாரம் ஜங்ஷனில் பென்ஷன் வேலையாக வந்த கார்டைப் பார்த்தேன். அவரும் தானாகவே சொன்னார்: "அந்தச் செவுத்துக்காவது பாதி குடுத்திருக்கணும் தம்பி."

இருவரும் என்னிடம்தான் சொன்னார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை. போய்ச் சொல் என்று என்னிடமும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னால், நீ யாரடா, உன்னைக் கூப்பிட்டேனா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? சொல்லாமல் விமானம் ஏறினால் அதுவும் சரியாகப் படவில்லை. இதைத்தான் முதலிலேயே சொன்னேன், எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை என்று.

ஆகவே இதை எழுதி உங்கள் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். உங்களுக்குத்தான் எழுதினேன், வேறு யாருக்கும் இல்லை. ஆனால் நீங்கள் வருவதற்கு முன்பே சார் அறையைத் திறந்துவிடுவார். அடுத்தவர் ஸ்டூலில் இருப்பதை எடுத்துப் படிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அதற்கு நான் பொறுப்பில்லை.